ஒரே நாயகி, அஞ்சு ஓவியர்: உளவு காமிக்ஸ் தொகுப்புக்கு எதையெல்லாம் முன்னாலேயே முடிவு பண்ணணும்?

பாளை_பென்சில் (கேள்வி)

உளவு சாகசக் கதைகள் மட்டும் சேர்த்து ஒரு காமிக்ஸ் தொகுப்பு தயாராகுது. நாயகி ஒருத்திதான். கதை அஞ்சு, ஓவியர் அஞ்சு பேர், எழுதுறது மட்டும் ஒரே கை. 96 பக்கம், உள்ளே கறுப்பு வெள்ளை, அட்டை கலர், 1000 பிரதி, அச்சு சிவகாசியில. களம் எல்லாம் திருநெல்வேலிச் சீமை: சுலோச்சனா முதலியார் பாலம், முண்டந்துறைக் காடு, பணகுடிக் காற்றாலைகள், திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காடு, கடைசிக் கதை விஜயநாராயணம் கடற்படைத் தளத்தைச் சுத்தி.

ரெண்டு பேர் பேனா-மை, ஒருத்தர் மையில தண்ணி கலந்து வாஷ், ரெண்டு பேர் டேப்லெட். சோதனைக்கு வந்த முதல் ரெண்டு பக்கத்தை அடுத்தடுத்து வெச்சா நாயகி ரெண்டு வேற பொம்பளையா இருக்கா. ஒருத்தர் வரைஞ்சா 25 வயசு, இன்னொருத்தர் வரைஞ்சா 40. எந்த அளவுக்கு ஒண்ணாக்கணும்? எல்லாத்துக்கும் ஒரே ஆளை விட்டு மை போட வெச்சா சரியாகுமா? தாள் கணக்கு, பக்க அளவு, தமிழ் எழுத்து வசன பலூனுக்குள்ள அடங்கும் வழி, கடற்படைத் தளத்தை வரையலாமா கூடாதா, இதெல்லாம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய_இதழ்க்கட்டு

ஓவியர்கள் மேல தப்பில்ல, மாடல் ஷீட் (நாயகி எப்படி இருக்கணும்னு எல்லாருக்கும் காட்டுற மாதிரிப் படம்) இல்லாததுதான் தப்பு. ஒரே ஆளை விட்டு மை போட வைக்கிற யோசனையை இப்பவே விட்டுருங்க. அஞ்சு கை வேணும்னு தேடிப் பிடிச்சுட்டு அதை ஒரு கையா அமுக்குறதுக்கு, ஒரே ஓவியரை வெச்சே எல்லாப் பக்கமும் வரைஞ்சிருக்கலாமே.

நாம படிச்சு வளர்ந்த உளவுக் கதைகளையே பாருங்க. மாடஸ்டி பிளைஸிங்கிற பிரிட்டிஷ் பத்திரிகை ஸ்ட்ரிப் 1963-ல ஜிம் ஹோல்டவே கையில தொடங்குச்சு. 1970-ல ஒரு கதை பாதி ஓடிக்கிட்டிருக்கும்போதே அவர் இறந்துட்டார். மீதியை எடுத்து வரைஞ்சவர் ரொமேரோ. பொறவு ஜான் பர்ன்ஸ், பாட்ரிக் ரைட், நெவில் கோல்வின்னு கை மாறி, 1986-ல மறுபடி ரொமேரோகிட்டயே வந்து 2001 வரைக்கும் போச்சு. முகம் ஒவ்வொருத்தர்கிட்டயும் மாறுது. ஆனா உச்சியில தூக்கிக் கட்டின அந்தக் கொண்டையும், எழுதின பீட்டர் ஓ'டானலின் வசனமும் மாறல. அதனாலதான் நமக்கு உறுத்தல.

அமெரிக்கப் பத்திரிகை ஸ்ட்ரிப்பான எக்ஸ்-9 காரிகன் நேர் எதிர். 1934-ல அலெக்ஸ் ரேமண்ட், 1967-ல அல் வில்லியம்சன், 1980-ல ஜார்ஜ் எவன்ஸ். மூணு பேருமே பெரிய கை. ஆனா கோட்டு போட்ட அழகான ஆண் என்பதைத் தாண்டி காரிகனுக்குன்னு ஒரு அடையாளம் கிடையாது. பேரைப் படிச்சுத்தான் ஆளைப் பிடிக்கணும். இரும்புக்கை மாயாவிக்கு அந்தக் கவலையே இல்ல: மின்சாரம் பாஞ்சதும் உடம்பு மறைஞ்சு கை மட்டும் அந்தரத்துல நிக்கும், எவர் வரைஞ்சாலும் மாயாவிதான். 1972-ல முத்து காமிக்ஸ் அவரை வெச்சு ஆரம்பிச்சது சும்மா இல்ல.

ஆக, முகத்தை ஒண்ணாக்கப் பாடுபடாதீங்க. நிழலுருவத்துலயே தெரியிற ரெண்டு அடையாளத்தை முடிவு பண்ணுங்க. கறுப்பா முழுசா நிரப்பிட்டாலும் ‘இவதான்’னு தெரியணும், அதுதான் சோதனை. கழுத்துச் சங்கிலி, மச்சம் மாதிரி சின்னச் சமாச்சாரம் அரை அங்குலக் கட்டத்துல காணாமப் போயிரும். பின்னல், தோள்ல குறுக்கா மாட்டின பை, குடை, நடையில ஒரு சாய்வு, இந்த மாதிரி எடுங்க.

மாடல் ஷீட் ஏ3-ல ஒரு பக்கம் போதும். நேர், முக்கால், பக்கவாட்டு, பின்புறம்னு நாலு தலை. முழு உருவம் ஒண்ணு, தலை அளவுல எத்தனைன்னு கோடு போட்டு (ஏழரைத் தலைன்னா அஞ்சு பேருக்கும் ஏழரைதான், உங்க 25, 40 குழப்பத்துல பாதி இங்கேதான் இருக்கும், தலை பெருசானா வயசு குறைஞ்சு தெரியும்). ஒரு சாதாரணக் கதவுநிலைப் பக்கத்துல அவளை நிறுத்திக் காட்டுங்க. வகிடு எந்தப் பக்கம், வாட்ச் எந்தக் கை, துப்பாக்கி எந்தக் கைன்னு எழுத்துலயே எழுதுங்க. டேப்லெட்டுல வரையிறவங்க பக்கத்தைக் கண்ணாடி மாதிரி திருப்பிப் பாத்துத் திருத்துவாங்க. சில சமயம் கட்டத்தையே திருப்பி விட்டுருவாங்க. வகிடும் வாட்சும் இடம் மாறுறது அப்படித்தான். வில்லன்களுக்கு ஷீட் வேண்டாம், ஒரே கதையில வந்து போறவங்களை ஓவியர் இஷ்டத்துக்கு விடுங்க.

இடங்களுக்கும் இதே கதைதான். ஆத்துப்பாலம் (சுலோச்சனா முதலியார் பாலம்) ரெண்டு மூணு கதையில வருதுன்னா எல்லாருக்கும் ஒரே புகைப்படக் கட்டு போகணும். 1843-ல கட்டின வளைவுப் பாலம் அது, நம்மூர்க்காரன் கண்ணை மூடிக்கிட்டே சொல்லுவான். பாளையங்கோட்டை கிழக்கே, நெல்லை ஜங்ஷன் மேற்கே. காலைக் காட்சின்னா வெயில் பாளைப் பக்கமிருந்து விழணும். உளவுக் கதையில பாதிக்குமேல நிழல்தான், அது தப்பாப் போனா உள்ளூர்க்காரனுக்கு உடனே இடிக்கும். காற்றாலைக்கு மூணு இறக்கைன்னும் எழுதிப் போடுங்க, நாலு போடுற கை உண்டு. தேரிக்குச் செம்மண்தான் அடையாளம், கறுப்பு வெள்ளையில அது போயிரும். மணல் மேட்டைத் தாள் வெள்ளையாவே விட்டு, பனைமரத்தை மட்டும் கெட்டிக் கறுப்பா நிறுத்தினா இடம் தெரியும்.

சிவகாசி_பிளேட்

தாள் கணக்கு நான் சொல்றேன். அளவு கிரவுன் கால், வெட்டினது போக 7.25 × 9.5 அங்குலம். 20 × 30 தாள்ல ஒரு முகத்துக்கு 8 பக்கம், ரெண்டு முகமும் சேர்த்து 16. 96 பக்கம்னா புத்தகத்துக்கு 6 தாள். 1000 பிரதிக்கு 6000 தாள், அதாவது 12 ரீம். கழிவு 6 சதம் சேத்தா 6360 தாள். 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) மேப்லித்தோ, அதாவது பூச்சில்லாத சாதா அச்சுத் தாள், அந்த அளவுல ரீம் ஏறக்குறைய 15.5 கிலோ, மொத்தம் 197 கிலோ. கடையில கிலோ விலைதான் சொல்லுவாங்க, அதனால இந்தக் கணக்கு கையில இருக்கட்டும். உள்பக்கத்துக்கு அச்சு பிளேட் 12, அட்டைக்கு 4.

மொதல்ல மெஷின் அளவைக் கேளுங்க. 20 × 30 ஏறாத மெஷின்ல கொண்டு போய்க் கொடுத்துட்டு, பொறவு தாளை வெட்டி, பிளேட்டைக் கூட்டிக் காசு விரயம் பண்றவங்க நிறைய.

தாளோட நார் ஓட்டம் 20 அங்குலப் பக்கத்தோட போகணும். அப்பத்தான் அது புத்தக முதுகுக்கு இணையா வரும். மாறிப் போனா பக்கம் விறைச்சு நிக்கும், பசை போட்ட இடத்துல அலை அலையா நெளியும். ஐப்பசி, கார்த்திகை மழையில அடிச்சா இன்னும் மோசம்.

உள்பக்கத்துல படம் ஓரம் வரைக்கும் ஓட வேண்டாம். மெஷின்ல தாளைப் பிடிச்சு இழுக்குற கிரிப்பருக்கு ஒரு சென்டிமீட்டர் வேணும், வெட்டுக்கு இடம் வேணும், இந்தத் தாள்ல ரெண்டும் நெருக்கி நிக்குது. எல்லாக் கதைக்கும் வெள்ளை ஓரம் விட்டு 6.25 × 8.5 அங்குலத்துக்குள்ள படம் அடங்கட்டும். முதுகுப் பக்கம் 16 மிமீ, வெளிப்பக்கம் 9 மிமீ. நடுவுல சமமா வெச்சா பைண்டிங்குக்குப் பொறவு உள்கட்டம் பள்ளத்துல விழுந்துரும், வாசிக்கிறவன் புத்தகத்தைப் பிளந்துதான் பாக்கணும். முதுகு கனம் ஏறக்குறைய 5 மிமீ வரும், பசை பைண்டிங் தாங்கும். நடுவுல பின் அடிக்கணும்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க: 96 பக்கத்துல உள்தாள் வெளியே பிதுங்கும், வெட்டும்போது நடுப்பக்கங்கள்ல வெளியோரம் குறைஞ்சு போயிரும்.

ஓவியருக்குச் சொல்ல வேண்டியது: ஒன்றரை மடங்கு பெருசா, அதாவது 9⅜ × 12¾ அங்குலக் கட்டத்துக்குள்ள வரையணும். ஏ3-ல சுகமா அடங்கும். 0.3 பேனா அச்சுல 0.2 ஆகும், அது நிக்கும். 0.2-க்குக் கீழ பேனா எடுத்தா மேப்லித்தோவுல கோடு விட்டு விட்டுத்தான் விழும். ஸ்கேன் 800 டிபிஐ (அங்குலத்துக்கு 800 புள்ளி) வெச்சா சுருக்கின பொறவு 1200 நிக்கும். 600-தான் முடியும்னா 900 கிடைக்கும், அதுவும் ஓடும். கடைசிக் கோப்பு வெறும் கறுப்பு வெள்ளை பிட்மேப். டேப்லெட்டுக்காரங்க இதுலதான் கோட்டை விடுவாங்க. திரையில வழவழன்னு தெரியிற கோட்டு ஓரத்துல சாம்பல் இருக்கும், அது பிளேட்டுல புள்ளியாப் போய் கோடு முள்ளு முளைச்ச மாதிரி விழும்.

கொம்பு_சுழி

பலூனுக்குள்ள எழுத்து போடுற வேலைக்கு ஒரே ஆள். இதுல மட்டும் விட்டுக்கொடுக்காதீங்க. கை அஞ்சா இருந்தாலும் எழுத்து ஒண்ணா இருந்தா புத்தகம் ஒண்ணாத் தெரியும்.

அச்சுல 9 புள்ளி (பாயின்ட்) எழுத்து, வரிக்கு வரி 12 புள்ளி. ஆங்கிலத்துக்குப் போதுற இடைவெளி தமிழுக்குப் பத்தாது. மேல் வரி கூ-வோட கால், கீழ் வரி கீ-யோட சுழியில இடிக்கும். ஒன்றரை மடங்குப் பக்கத்துல இது 13.5 புள்ளி, ஓவியர் அந்த அளவுல ஒரு மாதிரி வரியை மேசையில ஒட்டி வெச்சுக்கணும்.

வரிசைக்கு மூணு கட்டம்னா ஒரு கட்டம் 2 அங்குலம். பலூனுக்குள்ள கிடைக்கிறது ஒன்றரை. ‘கண்டுபிடித்துவிட்டார்கள்’ 13 எழுத்து. அந்த ஒரு சொல்லே ஒரு வரியை அடைச்சிரும். அதை வெட்டி ரெண்டு வரியாக்குறதை விட ‘பாத்துட்டாங்க’ன்னு மாத்துறதுதான் வழி. வெட்டியே ஆகணும்னா அடுத்த வரி புள்ளி எழுத்துல தொடங்கக் கூடாது. பலூனுக்கு 15 சொல்லைத் தாண்டினா எழுத்தாளர்கிட்டத் திருப்பி அனுப்புங்க. வசனம் பேச்சுத் தமிழ், வர்ணனைப் பெட்டி எழுத்துத் தமிழ்னு வெச்சா இடமும் மிச்சம், நெல்லை வாடையும் வரும். ஆனா ஒரு கதையில ‘ஏலே’, இன்னொண்ணுல ‘ஏல’, மூணாவதுல ‘எலே’ன்னு வரக் கூடாது. ‘அங்ஙன’, ‘பொறவு’, ‘அண்ணாச்சி’, ‘டுமீல்’ உட்பட ஒரு எழுத்துக்கூட்டுப் பட்டியல் போட்டு எல்லாருக்கும் குடுங்க.

வரிசை முக்கியம்: கதை வசனம், சின்ன அளவுல பக்க அமைப்பு, அதுமேல பலூன் போட்டுப் பாக்குறது, அதுக்கப்புறம்தான் பென்சில், கடைசியா மை. பலூனைக் கடைசியில ஒட்டினா நாயகி கொண்டையிலயோ துப்பாக்கி முனையிலயோதான் போய் உக்காரும். முதல்ல பேசுறவர் இடப்பக்கம் நிக்கணும் என்பதையும் பலூன் போட்டுப் பாக்குற இந்த நிலையிலதான் பிடிக்க முடியும்.

எழுத்துருவுக்கு உரிமப் பிரச்சினை இல்லாம வேணும்னா பலூனுக்கு பலூ தம்பி, வர்ணனைக்குச் சாய்வான கவிவனார். பக்கம் அமைக்கிற இன்டிசைன் மென்பொருள்ல வேர்ல்டு-ரெடி கம்போஸர்ங்கிற அமைப்பைப் போட்டுக்கோங்க, இல்லேன்னா ‘கொ’ உடைஞ்சு கொம்பு தப்பான இடத்துல நிக்கும். அச்சகத்துக்குப் போற பிடிஎஃப்ல எழுத்தை எல்லாம் அவுட்லைனா (எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமா) மாத்திருங்க.

பக்கப் பங்கீடு யாரும் சொல்லல. முன்னால 4 பக்கம், கதைக்கு 18 வீதம் 90, பின்னால 2. அப்ப ஒவ்வொரு கதையும் 5, 23, 41, 59, 77-னு வலப்பக்கத்துல தொடங்கும். உளவுக் கதையில திடுக்கிடுற இடம் தாளைப் புரட்டினதும் வரணும், அதாவது கதையோட 2, 4, 6-ம் பக்கத்து முதல் கட்டத்துல. ஒருத்தர் 17 பக்கத்தோட நிறுத்திட்டார்னா அடுத்த கதை இடப்பக்கத்துக்குத் தள்ளிப் போகும். வில்லன் யாருங்கிறது வலப்பக்க உச்சியில, புரட்டாமலே கண்ணுல பட்டுரும். அதுக்கு ஒரு பக்கத்துல அடங்குற சங்கேதப் புதிர் ஒண்ணு தயாரா வெச்சுக்கோங்க, ஓட்டையை அடைக்க.

ஷரத்து_பார்வை

கடற்படைத் தளம் பத்தி. விஜயநாராயணத்துல இருக்கிறது ஐஎன்எஸ் கட்டபொம்மன். நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்புற மிகத் தாழ் அலைவரிசை நிலையம், 1990-ல தொடங்கினது. இதுவரைக்கும் எல்லாருக்கும் தெரிஞ்ச சேதி, கதையில தாராளமா வரலாம். ஆனா 1923-ம் வருஷத்து அலுவல் ரகசியச் சட்டம் 3-வது பிரிவு தடை செய்யப்பட்ட இடத்தை நெருங்குறது, எதிரிக்குப் பயன்படக்கூடிய படமோ வரைபடமோ வரையிறது ரெண்டையும் சொல்லுது. ஓவியரை ‘நேர்ல போய்ப் பாத்துட்டு வா’ன்னு அனுப்பாதீங்க. வேலிக்கு வெளியே நின்னு ஸ்கெட்ச் போடுறதும், டிரோன் விடுறதும், செயற்கைக்கோள் படத்தை வெச்சுக் கட்டட அமைப்பைப் பிரதி எடுக்குறதும் வேண்டாம். தளத்துக்குக் கற்பனைப் பேரு, கற்பனை வாசல், கற்பனைக் கோபுரம். பொட்டல் காடு, உடைமரம், தூரத்துல மலை, இது போதும் வாசகனுக்கு. மகேந்திரகிரி இஸ்ரோ மையம், கூடங்குளம் அணுமின் நிலையம் வந்தாலும் இதே முறை.

ஓவியர் ஒப்பந்தம் கட்டாயம் எழுத்துல. பதிப்புரிமைச் சட்டம் 19-வது பிரிவுப்படி வாய்வார்த்தையா உரிமை மாறாது. காலம் எழுதலேன்னா 5 வருஷம், எல்லை எழுதலேன்னா இந்தியாவுக்குள்ள மட்டும்னுதான் எடுத்துக்குவாங்க. வாங்கின உரிமையை ஒரு வருஷத்துக்குள்ள பயன்படுத்தலேன்னா, வேற மாதிரி எழுதியிருந்தாலொழிய, அது காலாவதி. புத்தகம் தாமதமானா இதுதான் கழுத்தைப் பிடிக்கும். நாயகி பாத்திரம் யாருக்குச் சொந்தம், மூலப் பக்கங்கள் யார்கிட்ட இருக்கும், மறுபதிப்புக்கு எவ்வளவு, இந்த மூணும் தனித்தனி வரியா இருக்கட்டும்.

நாயகி உங்க சொந்தப் பாத்திரம், நல்லது. ‘ஜேம்ஸ் பாண்டை எழுதின ஃபிளெமிங் 1964-ல இறந்தார், இங்க பதிப்புரிமைக்கான 60 வருஷம் முடிஞ்சு போச்சு, ஒரு பக்கம் பாண்டையும் உள்ளே விடலாமே’ன்னு யாராவது ஆசை காட்டுவாங்க. நாவலுக்கு அந்தக் கணக்கு சரி. 1958 முதல் பத்திரிகையில பாண்ட் ஸ்ட்ரிப் வரைஞ்ச மெக்லஸ்கி, பொறவு ஹோராக் ஆகியோரோட படங்களுக்குத் தனி உரிமை, வர்த்தக முத்திரை தனி. தொடாதீங்க.

பாளை_பென்சில்

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு சந்தேகம் பாக்கி. வாஷ் போடுறவர் பேனாவுக்கு மாற மாட்டேங்கிறார், அவரை எப்படி உள்ளே கொண்டு வர? அப்புறம் அஞ்சு கதையிலயும் ஒரே சங்கேத மொழி வருது, மெய்யெழுத்தை ஒண்ணு தள்ளிப் போடுற முறை. அதுல ஏதாவது சிக்கல் உண்டா?

சிவகாசி_பிளேட்

மாற வேண்டாம் வே, வாஷ்தான் முண்டந்துறைக் கதைக்கு. காடு, மூடுபனி, அதுக்குப் பொருத்தம். அந்த 18 பக்கத்தை மட்டும் கிரேஸ்கேல் (சாம்பல் நிறக் கோப்பு), அச்சளவுல 300 டிபிஐ, சாம்பலைப் புள்ளியாக்குற ஸ்கிரீன் அங்குலத்துக்கு 120 வரிக்கு மேல போகாம. மேப்லித்தோ மையைக் குடிக்கும், புள்ளி ஊதும். 50 சதச் சாம்பல் 70 மாதிரி விழும். அதனால சாம்பல் மூணு போதும்: 15, 30, 50. அதுக்கு மேல நேரா கெட்டிக் கறுப்பு. 60-க்கும் 80-க்கும் நடுவுல அவர் பாடுபட்டு வரைஞ்ச நுணுக்கம் எல்லாம் ஒரே இருட்டாத்தான் வரும். பலூன், எழுத்து, கட்டக் கோடு எதுவும் அந்தச் சாம்பல் கோப்புல இருக்கக் கூடாது, தனி அடுக்குல 100 சதக் கறுப்பு. முழுக்கதையும் அடிக்கிறதுக்கு முன்னால ஒரு பக்கத்தை அதே தாள்ல ஓட்டிப் பாருங்க. லேசர் பிரின்டர்ல பாத்துட்டு ‘நல்லாருக்கு’ன்னு முடிவு பண்ணிராதீங்க.

கொம்பு_சுழி

சங்கேதத்துல சிக்கல் இருக்கு. க ங ச ஞ ட ண வரிசையில ஒண்ணு தள்ளினா ‘பாலம்’ ‘மாவய்’ ஆகும். பாக்க அசல் சொல் மாதிரியே இருக்கு, அருமை. ஆனா ‘கடல்’ ‘ஙணவ்’ ஆயிரும். தமிழ்ல ஙகரத்துல தொடங்குற சொல்லை எவன் பாத்தாலும் சங்கேதம்னு ஒரு நொடியில தெரிஞ்சிரும். ஒளிச்சு வெக்கிற கடிதத்துல அது நிக்காது. ககரத்துல தொடங்குற சொல் தமிழ்ல கொட்டிக் கிடக்கு, தப்பிக்க முடியாது. தள்ளுறதை விட்டுட்டு ஜோடி மாத்துங்க: க-வும் ப-வும், ச-வும் த-வும், ந-வும் ம-வும் தங்களுக்குள்ள இடம் மாறட்டும், மத்ததைத் தொட வேண்டாம். ‘கடல்’ ‘படல்’ ஆகும், ‘பாலம்’ ‘காலந்’ ஆகும். ரெண்டாவதுல கடைசி ‘ந்’ இடிக்குது இல்லையா, அதனால சொல் முடிவுல வர்ற ம் மட்டும் மாறாதுன்னு ஒரு விதி. ‘காலம்’.

ஓலையிலயோ சுவத்துலயோ கதைக்குள்ள எழுதின மாதிரி வர்ற சங்கேத வரிகளை ஓவியர் கையால எழுத வேண்டாம். இடத்தைக் காலியா விடச் சொல்லுங்க, நான் சொன்ன அந்த ஒரே ஆள் கையெழுத்து மாதிரி எழுதி மேல வெப்பார். ஒரு எழுத்து மாறினா மூணாவது கதையில இருக்கிற துப்பு அஞ்சாவது கதையில அவிழாது. வாசகன் பென்சிலை எடுத்துப் போட்டுப் பாக்கத்தான் செய்வான்.